ஒரே நாளில் பிறந்தவர்கள்

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர். எண்ணிக்கையை நேற்று மூன்று முறை சரிபார்த்தேன், மாறவில்லை. கடல் தாண்டி ஒரு சிறிய நாட்டில், ஒரே ஒரு மலை மாவட்டத்தில், போன மாதம் நடந்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனவர்கள் இவர்கள். காணாமல் போகக் காரணம் நான் எழுதிய பதினோரு வரிக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட். நாளை மாலை ஐந்து மணிக்குள் இதை நான், அந்தத் தேர்தலைப் பார்வையிட்ட ஒரு சர்வதேச அமைப்பின் அறிக்கையில் எழுதிச் சேர்க்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். சும்மா இருந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் ஆறு வாரத்தில் அங்கே இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு இருக்கிறது. அதில் இவர்கள் வாக்களிப்பார்களா மாட்டார்களா என்பது அந்த அறிக்கையின் ஒரே ஒரு பத்தியில் நிற்கிறது.

நீ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். உனக்கு வயது நான்கு மாதம் பன்னிரண்டு நாள். பதினெட்டு முடிந்து, உன் பெயரைப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் நிரப்புகிற வாரத்தில் நீ இதைப் படிக்க வேண்டும் என்பது என் திட்டம். பிள்ளைகளுக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுகிற அப்பாக்கள் பொதுவாகத் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். எனக்கு முப்பத்துநாலு. அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. தவிர, நரைப்பதற்குள் இந்தக் கதையில் என் பங்கை நானே கொஞ்சம் அழகாக்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். உனக்கு மட்டும் எழுதிப் பெட்டியில் வைத்தால் பதினெட்டு வருஷம் யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால் இதை எல்லாரும் படிக்கிற கடிதமாகவே எழுதுகிறேன். அறிக்கை வெளியான பிறகுதான் இதை வெளியிடுவேன். அதுவரை பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்டின் பெயரும் அமைப்பின் பெயரும் அப்போதும் இதில் இருக்காது. உன் அம்மா சற்று முன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு எழுதுறியா, இல்ல உனக்கே எழுதிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று சொல்கிறேன். நம் ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பாதிப்பேர் அதை உலகத்துக்கே போலீஸ் என்று நினைக்கிறார்கள், மீதிப்பேர் ஏசி ஓட்டலில் மீட்டிங் போடுகிற கூட்டம் என்கிறார்கள். இரண்டும் இல்லை. பல நாடுகள் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்து நடத்துகிற அமைப்பு அது. கையெழுத்துப் போட்ட தாளில் சில வாக்குறுதிகள் இருக்கின்றன: சொன்ன காலத்தில் தேர்தல் நடத்துவோம், காரணம் சொல்லாமல் யாரையும் பிடித்து வைக்கமாட்டோம், எழுதுகிறவனையும் பேசுகிறவனையும் அடிக்கமாட்டோம், இப்படி. இவற்றை ஒரு நாடு மீறினால் அமைப்பிடம் அனுப்பப் படை கிடையாது. பூட்டச் சிறை கிடையாது. அந்த நாடு கூப்பிட்டால்தான் அது போகும். போனால் பார்க்கும், கேட்கும், எழுதும். சிறைக்குள் போய்க் கைதிகளிடம் தனியாகப் பேச ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளூர் வழக்கறிஞர்களுக்கும் போலீசுக்கும் பயிற்சி கொடுக்க ஒரு பிரிவு. வாக்காளர்கள் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், அதை எடுத்துப் பேச நான்கு உள்ளூர்ப் பெண்கள், அவர்கள் உட்கார ஒரு அறை, இதையெல்லாம் அமைப்புதான் ஏற்பாடு செய்கிறது. தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே பார்வையாளர்கள் போய் இறங்குகிறார்கள். ஒருவர் தேர்தல் சட்டத்தை வரி வரியாகப் படிக்கிறார். ஒருவர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிடம் என்று எண்ணுகிறார். வாக்குப்பதிவு அன்று இருவர் இருவராகச் சாவடிகளுக்குப் போய்ப் படிவம் நிரப்புகிறார்கள். அந்த அமைப்பின் மொத்த பலமும் கடைசியில் ஒரு அறிக்கை.

அந்த நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த முதல் ஞாயிறு, பெங்களூரு மர்பி டவுனில் என் அப்பா வீட்டுக்குப் போனபோது இதை அவருக்கு விளக்கினேன். அவர் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க போயி நீங்கதான் ஓட்டு எண்றீங்களா?"

"இல்லப்பா. அவங்க எண்ணுவாங்க. நாங்க பாப்போம்."

"பாத்து?"

"எழுதுவோம்."

"எழுதி?"

"அவங்களுக்கே குடுத்துட்டு வருவோம்."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கா உன்னிய பிளேன்ல ஏத்தி அனுப்புனாங்கோ? சும்னே பாத்துட்டு வர்றதுக்கு இங்கியே நம்ம தெருவுல எத்தினி பேரு இருக்கானுங்கோ."

நான் அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன். இதற்கு முந்தைய தேர்தல்வரை அந்த நாட்டில் எண்ணிக்கை முடிந்ததும் முடிவுத்தாளை மடித்து உறையில் போட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வழியில் தாள் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. அமைப்பின் அறிக்கை ஒரு வரி எழுதியது: ஒவ்வொரு சாவடியிலும் முடிவுத்தாளின் ஒரு நகலைச் சுவரில் ஒட்டுங்கள். இந்த முறை ஒட்டினார்கள். நான் போன சாவடியில் ஜனங்கள் வரிசையில் நின்று அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான், ஆனால் அதற்குப் பிறகு வழியில் எண்ணை மாற்றுகிறவன் மாட்டிக்கொள்வான். "அது சரி," என்றார் அப்பா. அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். அந்த நாட்டுத் தேர்தல் அலுவலகம் தன் வாக்காளர் பட்டியலைத் தொழில்நுட்ப ரீதியாகச் சரிபார்த்துத் தரும்படி அமைப்பைக் கேட்டது. அமைப்பு எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற எங்கள் கம்பெனியைக் கேட்டது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் டீம், ஏழு வாரம். முதற்பெயர்களை அங்கே ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருந்தார்கள். அதை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சல். ஐந்தாவது வாரம் முதற்பெயரை விதியிலிருந்தே தூக்கிவிட்டேன். ஒரே வீட்டு எண், ஒரே குலப்பெயர், ஒரே பிறந்த தேதி, மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தேகப் பட்டியலில் போடு. ஸ்கிரிப்ட் நாற்பது விநாடியில் ஓடி முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது.

பக்கத்து சீட்டில் செந்தில் (நிஜப் பெயர் இல்லை). திருவண்ணாமலைப் பக்கம், என்னைவிட இரண்டு வயது சின்னவன், பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். தினமும் கம்பெனி அனுப்புகிற ஒரே கேப் வண்டியில் போகிறோம். அவன் என் திரையைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஜூன் ஒண்ணு கேஸ் வந்தா இன்னா பண்ணுவ?" என்றான்.

ஜூன் ஒன்று என்றால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம், உன் காலத்தில் எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருக்கும். எங்கள் அப்பாக்கள் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்குத் தலைமையாசிரியர்தான் பிறந்த தேதி வைப்பார். வீட்டில் தேதி தெரியாது. தெரிந்தாலும் வயது பத்தாது. ஜூனில் பள்ளி திறக்கும், ஆகவே ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். பாதி ஊர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த ஊர். செந்தில் கேட்டது அதைத்தான்.

நான் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் நம்ம ஊரு குப்பைடா. அங்க டேட்டா கிளீனா இருக்கும்."

"எப்புடி தெரியும்?"

"ஃபாரின்டா அது."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டான். நான் அந்தப் பட்டியலை அனுப்பினேன். மேலே ஒரு குறிப்பு வைத்தேன்: 'நீக்கும் முன் வீடு வீடாகச் சென்று சரிபார்க்கவும்.' இந்தக் குறிப்பைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

நான் சொல்லவருகிற தவறு விதியில் மட்டும் இல்லை. என் வீட்டிலேயே அந்தக் கேஸ் இருந்தது, அதை மறந்தவன்போல உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றரை வருஷ இடைவெளியில் பிறந்தவர்கள். தம்பி தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று அழுததால் இருவரையும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் இருவருக்கும் ஒரே தேதி, ஒரே வருஷம் எழுதினார். ஒரே வீடு, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த நாள். சர்க்கார் தாளில் இரட்டைப் பிள்ளைகள். தெருவே அவர்களை 'டபுள்ஸ்' என்றுதான் கூப்பிடும். பின்னால் இருவரும் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தார்கள், ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். அதாவது சித்தப்பா ஒன்றரை வருஷம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். விழா முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா மாலையைக் கழற்றாமல், "பாரு, எங்கண்ணனுக்கு வயசாச்சுன்னு என்னியும் சேத்து வெளிய தள்ளிட்டாங்கோ," என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் போய், "நீங்க அப்பவே ஆதாரம் குடுத்து தேதிய மாத்தியிருக்கணும் சித்தப்பா. இது உங்க மிஸ்டேக்," என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னா ஆதாரம் குடுப்பேன்? நான் பொறந்ததுக்கு நான்தான் ஆதாரம். நேர்ல போயி நின்னேன். பத்தலன்னுட்டாங்க," என்றார். பிறகு என் அப்பாவிடம், "அண்ணே, உன் புள்ள நல்லா படிக்கிறான்," என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னது சரிதானே என்று நினைத்தேன். ஒருவன் சரியாகச் சொல்லிக்கொண்டே எவ்வளவு தவறாக இருக்க முடியும் என்று புரிய எனக்கு இன்னும் பதினாலு வருஷம் ஆனது.

பிப்ரவரியில் அமைப்பு என்னைப் பார்வையாளர் குழுவோடு ஒன்பது நாள் அழைத்துப் போனது. வாக்குப்பதிவு அன்று மலை மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், கல்லூரி மாணவி. காலையிலிருந்தே ஆட்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். வருவார்கள், அடையாள அட்டையைக் காட்டுவார்கள், அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டுவார், தலையை ஆட்டுவார். பார்வையாளருக்கு முதல் விதி, தலையிடக் கூடாது. அலுவலரிடம் 'இவரைச் சேர்' என்று சொல்லக் கூடாது. அது சரியான விதி. வெளிநாட்டுக்காரன் ஒருவன் சாவடிக்குள் நின்று உத்தரவு போட ஆரம்பித்தால் அது அவர்கள் தேர்தலே இல்லை. என் படிவத்தில் ஒரு கேள்வி: பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள், இல்லை, சிலர், பலர். 'பலர்' என்பதில் டிக் போட்டேன்.

மதியம் பள்ளியின் சமையல்கார அம்மாள் அலுவலர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். எங்களுக்கும் தட்டு வைத்தார். ஐம்பது வயது இருக்கும். அந்தப் பள்ளியிலேயே இருபது வருஷமாகச் சமைக்கிறவர். நான் பேச்சுக்கு, "நீங்கள் வாக்களித்துவிட்டீர்களா?" என்று மாணவி வழியாகக் கேட்டேன்.

அவர் கரண்டியை அசைத்துக்கொண்டே பதில் சொன்னார், மாணவி சிரித்துவிட்டு மொழிபெயர்த்தாள். "எனக்கு இல்லையாம். என் ஓரகத்திக்கு இருக்கு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இத்தனை வருஷம் நான்தான் மூத்த மருமகள்னு இருந்தேன். இனிமே அவதான் பெரிய ஆளு. காலையிலிருந்து விரலை நீட்டி நீட்டிக் காட்டுறா."

"ஏன் உங்களுக்கு இல்லை?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்த நாள். ஆபீஸ்காரன் முதல்ல மலைக்கு வந்தப்போ, தேதி தெரியாதவங்க எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு எழுதினான். வயசைப் பார்த்து வருஷம் போட்டான். அவ என்னைவிட அஞ்சு வயசு சின்னவ, ஆனா அன்னிக்கு ஜலதோஷம், வாடிப்போயிருந்தா. என் வருஷத்தையே அவளுக்கும் போட்டுட்டான்." இதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு என் தட்டைப் பார்த்து, "சாப்பிடலையே, காரமா?" என்று கேட்டார்.

காரம் இல்லை. வண்டியில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டு எண்ணை அவரிடமே கேட்டு எழுதிவந்திருந்தேன். என் சந்தேகப் பட்டியலில் அந்த வீடு இருந்தது. இரண்டு வரி. மேல் வரி ஓரகத்தி, வைத்துக்கொள்ளப்பட்டது. கீழ் வரி இவர். மேல், கீழ் என்று எதை வைத்து முடிவு செய்தேன் தெரியுமா? எந்த வரி கோப்பில் முதலில் வந்ததோ அது. வேறு ஒரு காரணமும் இல்லை.

மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தோம். மூன்று பேர்தான் ஊழியர்கள். மலையில் வீடு வீடாகப் போக வண்டி இல்லை, நாளும் இல்லை. வெளிநாட்டு நிபுணர் அனுப்பிய பட்டியல், கம்ப்யூட்டர் போட்டது, தப்பாக இருக்காது என்று நினைத்து மொத்தமாக நீக்கிவிட்டார்கள். அங்கேயும் எவனோ ஒருவன் 'ஃபாரின்டா அது' என்று சொல்லியிருக்கிறான். இந்த முறை அவன் சொன்ன ஃபாரின் நான்.

போன வாரம் அறிக்கையின் வரைவு வந்தது. அறுபத்தோராம் பத்தி இப்படிச் சொல்கிறது: மாவட்ட ஊழியர்கள் உரிய சரிபார்ப்பின்றி நீக்கியதால் சில வாக்காளர்கள் பாதிக்கப்பட்டனர். பொய் இல்லை. பாதி. ஆனால் அந்தப் பாதியால் என்ன ஆகும் என்று அந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தேன். ஊழியர் அலட்சியம் என்றால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் மாவட்டத் தலைநகருக்கு வந்து பிறப்புச் சான்றிதழோடு தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால்தானே அவர்களுக்கு ஜனவரி ஒன்று! நீக்கத்துக்கு அடிப்படையான பட்டியலே பிழை என்று பதிவானால் மட்டும், தேர்தல் அலுவலகம் ஒரே உத்தரவில் அத்தனை பேரையும் திருப்பிச் சேர்க்கலாம். யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம். புகார் எண்ணில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் நீக்கப்பட்டவர்களின் முழுப் பட்டியலை வாங்கி எனக்கு அனுப்பினார்கள். என் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். முதல் பத்தியில் உனக்குச் சொன்ன எண் அப்படி வந்தது.

குழுத் தலைவரை வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். வேறொரு நாட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்கள் குறிப்பில் 'சரிபார்க்கவும்' என்று இருக்கிறது. சட்டப்படி உங்கள் மேல் ஒன்றும் இல்லை."

"சரிபார்க்க அவர்களிடம் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும் மேடம். மூன்று பேர் என்று அவர்கள் அனுப்பிய முதல் கடிதத்திலேயே இருந்தது."

அவர் சொன்னார்: "நீங்கள் எழுதினால் நாளைக்கு அங்கே என்ன தலைப்புச் செய்தி வரும் தெரியுமா? 'அந்நிய அமைப்பே வாக்காளர்களை நீக்கியது.' நாம் சிறைக்குள் போவது பிடிக்காதவர்கள் அங்கே நிறையப் பேர். அடுத்த முறை நம்மைக் கூப்பிடமாட்டார்கள். நம்மைக் கூப்பிடாவிட்டால் அந்தக் கைதிகளிடம் யார் போய்ப் பேசுவார்கள்? ஆயிரத்துச் சொச்சம் பேருக்காக அதைப் பணயம் வைக்கிறீர்கள்."

இதைக் கிண்டலாக எழுதவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியது. இரண்டு நாள் அதையேதான் யோசித்தேன். அவரிடம் அப்போது எனக்கு வந்த பதில் இதுதான், இப்போதும் இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை: "மேடம், நம்மிடம் படை இல்லை, கோர்ட் இல்லை. நாம் எழுதுவதை அவர்கள் நம்புகிறார்கள் என்பது ஒன்றுதான் இருக்கிறது. அவர்கள் தப்பு செய்தால் எழுதுவோம், நாம் செய்தால் மூன்று பேர் ஆபீஸ் மேல் போடுவோம் என்றால், அடுத்த முறை நம்மைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?"

"எழுதி அனுப்புங்கள். ஆதாரத்தோடு," என்றார். "படிக்கிறேன். சேர்ப்பேன் என்று சொல்லவில்லை."

இன்று காலை செந்திலைக் கூப்பிட்டேன். அறிக்கையில் இது வந்தால் கம்பெனிக்கு அடுத்த வேலை கிடைக்காது. எங்கள் நாலு பேர் டீமும் கலையும். அவனும் அதில் ஒருவன். எச்சரித்தவனுக்கும் சேர்த்துத்தான் அடி விழும்.

"எழுதப் போறேன்டா," என்றேன்.

"தெரியும். மூணு நாளா கேப்ல பேசாம வந்தியே." பின்னால் குக்கர் விசில் கேட்டது. "நான் சொன்னேன்னு அதுல போடுவியா?"

"போடணும்ல. நீ சொன்னல்ல."

"பேரு போடாத. நான் இன்னா பெரிய யோக்கியனா? ஒரு வாட்டி சொன்னேன், நீ மூஞ்சி காட்டுன, நான் டீ குடிக்கப் போய்ட்டேன். ரெண்டாவது வாட்டி சொல்லியிருக்கணும்." விசில் மறுபடி. "வேலை போச்சுன்னா நீதான் எனக்கு ரெஸ்யூம் எழுதித் தரணும். ஸ்கிரிப்ட் போட்டு எழுதிடாத, கையால எழுது."

உனக்கு அறிவுரை என்று ஏதாவது வேண்டுமென்றால், மூன்று விஷயம் இதிலிருந்து எனக்கே தெரிந்தது. ஒன்று, உன் திரையில் ஒரு வரியாகத் தெரிகிறது எங்கேயோ ஒரு ஆள். இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது, அதனால் ஒரு உபயோகமும் ஆகவில்லை. உபயோகமானது இரண்டாவது: உன் வேலையால் ஒருவருக்கு ஏதாவது பறிபோகும் என்றால், நிரூபிக்கிற சுமையை அவர் தலையில் வைக்காதே. என் சித்தப்பாவிடம் ஆதாரம் கேட்ட அதே வாய்தான் மலையில் இருக்கிறவர்களிடமும் கேட்டிருக்கிறது, இந்த முறை ஸ்கிரிப்ட் வழியாக. மூன்று, 'சரிபார்க்கவும்' என்று கீழே இருப்பவனுக்கு ஒரு குறிப்பு எழுதும்போது, அவனால் முடியுமா என்று பார். முடியாது என்று தெரிந்தும் எழுதினால், அந்தக் குறிப்பை நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியிருக்கிறாய்.

நேற்று மர்பி டவுனுக்குப் போய் சித்தப்பாவிடம் பதினாலு வருஷம் தள்ளி மன்னிப்புக் கேட்டேன். விஷயம் முழுதும் சொன்னேன். அவருக்கு நான் அன்று பேசியது ஞாபகம் இருந்தது, இல்லாததுபோல நடித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தம்மா இப்போ ஓட்டு போட முடியுமா, முடியாதா?"

"தெரியல சித்தப்பா."

"அப்போ இங்க ஒக்காந்து இன்னாடா பண்ற? எங்கிட்ட சாரி கேட்டா அவங்களுக்கு ஓட்டு வந்துடுமா? போ, போயி வேலையப் பாரு."

வேலை இதுதான். எழுதி வைத்திருக்கிறேன்:

1. நாளை காலை ஒன்பது மணிக்கு, கேப் வருவதற்கு முன், அறுபத்தோராம் பத்திக்கான திருத்தத்தை அனுப்புவேன். கூடவே ஸ்கிரிப்ட், நான் அனுப்பிய பட்டியல், அவர்கள் நீக்கிய பட்டியல். 'தொழில்நுட்பக் குழு' என்று இருக்கிற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

2. பத்து மணிக்கு மேலாளரின் அறைக்குப் போய் நானே சொல்வேன். மெயிலில் தெரிந்துகொள்ள விடமாட்டேன்.

3. செந்திலைப் பற்றி 'சக ஊழியர் ஒருவர் முன்பே எச்சரித்தார், நான் கேட்கவில்லை' என்று மட்டும் இருக்கும்.

4. திருப்பிச் சேர்க்கும் உத்தரவில் அப்படியே இணைக்கும்படி பெயர்களை வீட்டு எண் வாரியாக அடுக்கித் தருவேன். மறுபடியும் சரிபார்க்காமல்தான் எடுத்துக்கொள்வார்கள், அவர்களிடம் இப்போதும் மூன்று பேர்தான். அதனால் ஒவ்வொரு வரியையும் நானே கண்ணால் பார்ப்பேன்.

5. அதே விதி இன்னும் ஆறு மாவட்டங்களில் ஓடியிருக்கிறது. அங்கே எத்தனை என்று இதுவரை நான் எண்ணவில்லை. பயந்துகொண்டு எண்ணவில்லை. இன்று மதியம் எண்ணுவேன்.

6. ஐந்து மணிக்குள் திருத்தம் ஏற்கப்படாவிட்டால், ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அமைப்பின் புகார்ப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுப்பேன். படிவத்தைப் பார்த்துவிட்டேன். புகார் கொடுப்பவர், புகாருக்கு உள்ளானவர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே பெயரை எழுதக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை.